நியூயார்க் துறைமுகமும் மாஃபியாவும்: கேள்வி பதில்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நியூயார்க் துறைமுகத்தை ஆட்டிவைத்த ரவுடிக் கும்பல்களைப் பற்றிப் போன வாரம் நான் எழுதியதற்குக் கேள்விகள் நிறைய வந்தன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கல்லூரி மாணவி ஒருவர்: ஐயா, அவ்வளவு பெரிய துறைமுகம் எப்படி ரவுடிகள் கைக்குப் போனது? போலீஸ் இல்லையா?

போலீஸ் இருந்ததம்மா. ஆனால் நான் போலீசிலிருந்து தொடங்க மாட்டேன், ஆள் எடுத்த முறையிலிருந்துதான் தொடங்குவேன். அதற்கு 'ஷேப் அப்' என்று பெயர். ஆற்றுக்குள் நீட்டிக் கட்டிய கப்பல் மேடையை அங்கே 'பியர்' என்பார்கள். காலையிலும் மதியமும் பியர் வாசலில் தொழிலாளர்கள் அரைவட்டமாக வந்து நிற்க வேண்டும். மேஸ்திரி வந்து "நீ வா, நீ வா" என்று விரல் நீட்டுவார். மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நேற்று வேலை செய்தவனுக்கு இன்றும் வேலை உண்டு என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. எப்போதும் வேலையைவிட ஆட்கள் அதிகம்.

இப்போது அந்த மேஸ்திரியின் விரலுக்கு என்ன விலை என்று யோசித்துப் பாருங்கள். கூலியில் பங்கு தரச் சம்மதிப்பவன் காதில் ஒரு பல்குச்சியைச் செருகிக்கொண்டு நிற்பான். மேஸ்திரி அதைப் பார்த்து ஆள் எடுப்பார். பேச்சே தேவையில்லை. அந்த மேஸ்திரிகளில் பலர் சிறைக்குப் போய் வந்தவர்கள். அவர்களை அங்கே உட்கார வைத்தது தொழிற்சங்கத்தின் உள்ளூர்க் கிளை. கிளை யார் கையிலோ, பியரும் அவர்கள் கையில்.

கணக்காளர் ஒருவர்: கூலியில் கமிஷன் அடித்து எவ்வளவு சம்பாதிக்க முடியும்?

கமிஷன் ஒரு வாசல்தான். வேலை கிடைக்காத நாளில் கடன் வாங்கியாக வேண்டும். கந்துவட்டிக்குக் கொடுப்பவனும் மேஸ்திரியின் ஆள். கடன் வாங்கியவனுக்கு மறுநாள் முதலில் வேலை கிடைக்கும், ஏனென்றால் வட்டி வர வேண்டுமே. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் தொழிலாளர்கள் மாதாமாதம் குறிப்பிட்ட சலூனில் முடிவெட்டச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. முடி வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் காசு போய்விடும். ஒயின் போடத் திராட்சையும் அவர்கள் சொன்ன இடத்தில்தான் வாங்க வேண்டும்.

ஆனால் பெரிய பணம் லாரியில்தான் இருந்தது. நகரத்தின் நடுப்பகுதியான மன்ஹாட்டனின் பியர்கள் குறுகலான தெருக்களில் முட்டி நின்றன. பெரும்பாலானவற்றுக்கு ரயில் இணைப்பு கிடையாது. எல்லாச் சரக்கும் லாரியில்தான் போக வேண்டும். பியரின் தரையிலிருந்து லாரிக்கு மூட்டையை ஏற்றுகிற அந்தச் சில அடி தூரத்தைக் கும்பல்கள் பிடித்துக்கொண்டன. உங்கள் ஆட்களே ஏற்றிக்கொண்டாலும் ஏற்றுக்கூலி கட்டிவிட்டுத்தான் லாரி நகர வேண்டும். வாழைப்பழமும் பூவும் வெயிலில் காத்திருக்குமா? லாரிக்காரர்கள் மாமூலைக் கட்டிவிட்டு, அதைச் சரக்கின் விலையில் ஏற்றினார்கள்.

கப்பல் நிறுவனத்தில் வேலை பார்த்த நண்பர்: முதலாளிகள் ஏன் எதிர்க்கவில்லை?

நீங்கள் அனுபவத்தில் கேட்கிறீர்கள். கப்பல் கரையில் சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம். வேலைநிறுத்தம் வராது என்று உறுதி தரும் ரவுடியை அவர்கள் சகித்துக்கொண்டார்கள். தேவைக்கு அதிகமான ஆட்கள் வாசலில் காத்து நிற்பதும் அவர்களுக்கு வசதி. 1927 முதல் சங்கத் தலைவராக இருந்த ஜோசப் ரயனை 1943-இல் ஆயுட்காலத் தலைவராகவே ஆக்கிவிட்டார்கள். அவரோடு கைகுலுக்காத கம்பெனி குறைவு. இந்தக் கதையில் கும்பலுக்குச் சமமான பழி முதலாளிகளுக்கும் உண்டு என்பது என் கருத்து.

ஆசிரியர் ஒருவர்: எதிர்த்து நின்ற தொழிலாளி ஒருவர்கூட இல்லையா?

இருந்தார். பீட்டர் பான்டோ. இந்த வரலாற்றில் என்னைத் தூங்கவிடாத பெயர் அதுதான்.

புரூக்ளினில் இத்தாலியத் தொழிலாளர்கள் நடுவே வேலை செய்த இளைஞர். கமிஷனும் சலூன் சீட்டும் வேண்டாம், சங்கத் தேர்தல் நேர்மையாக நடக்கட்டும் என்று கூட்டம் போட்டார். 1939 கோடையில் அவர் பேச்சைக் கேட்க ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். நீ செய்வது சிலருக்குப் பிடிக்கவில்லை என்று சங்கத் தலைவர்களில் ஒருவரே எச்சரித்தார். பான்டோ நிறுத்தவில்லை. கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். ஜூலை 14 அன்று யாரையோ பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வீட்டிலிருந்து கிளம்பினார். திரும்பவில்லை.

கொஞ்ச நாளில் புரூக்ளின் சுவர்களில் 'பான்டோ எங்கே?' என்று இத்தாலிய மொழியில் எழுத்துகள் தோன்றின. 1941 ஜனவரியில் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியின் லிண்ட்ஹர்ஸ்டில் ஒரு சுண்ணாம்புக் குழியிலிருந்து அவர் உடலைத் தோண்டி எடுத்தார்கள். கும்பலின் கொலைகாரனாக இருந்து, கொலைகளின் விவரமெல்லாம் சொல்லி அரசுத் தரப்புக்கு மாறிய ஏப் ரெலஸ், அதே ஆண்டு நவம்பரில் போலீஸ் காவலில் இருந்தபோது கோனி தீவு ஓட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். பான்டோ கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

அதே ஆசிரியர்: யாருமே தண்டனை பெறவில்லையா?

ஒரு வழக்கு உண்டு. கிரீனிச் வில்லேஜில் ஆண்டி ஹின்ட்ஸ் என்ற மேஸ்திரி, தன் பியரில் ஆள் எடுக்கும் உரிமையை ஜான் டன் கும்பலுக்கு விட்டுக்கொடுக்க மறுத்தார். 1947 ஜனவரியில் ஒரு காலை, வேலைக்குப் புறப்பட்டவரை வீட்டு மாடிப்படியிலேயே சுட்டார்கள். உடனே சாகவில்லை, சில வாரங்கள் மருத்துவமனையில் கிடந்தார். வாயைத் திறப்பதில்லை என்பது துறைமுகத்தின் எழுதாத சட்டம். ஹின்ட்ஸ் அதை மீறி டன்னின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் இறந்தார். 1949 ஜூலையில் டன்னும் கூட்டாளி ஷெரிடனும் மின்சார நாற்காலியில் மரண தண்டனை பெற்றார்கள்.

ஓய்வுபெற்ற ராணுவ வீரர்: நார்மண்டி கப்பலை மாஃபியாதான் எரித்தது என்கிறார்களே?

1942 பிப்ரவரி 9 அன்று, நியூயார்க் துறைமுகத்தில் படைகளை ஏற்றிச் செல்ல மாற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பிரெஞ்சுக் கப்பல் எரிந்தது. வெல்டிங் பொறி மிதவைச் சட்டைகளின் குவியலில் விழுந்தது; தீயணைக்க ஊற்றிய தண்ணீரின் பாரத்தில் கப்பல் சாய்ந்து கவிழ்ந்தது. விசாரணை விபத்து என்றுதான் முடிவு செய்தது. நானும் அதையே ஏற்கிறேன்.

ஆனால் எதிரிகளின் சதியாக இருக்குமோ என்ற பயத்தில் கடற்படை உளவுத்துறை மாஃபியாவிடம் போனது உண்மை. முதலில் ஃபுல்டன் மீன் சந்தையை ஆட்டிவைத்த ஜோ லான்சா, பிறகு சிறையிலிருந்த மாஃபியா தலைவர் லக்கி லூசியானோ. 1936-இல் முப்பது முதல் ஐம்பது ஆண்டு வரை தண்டனை பெற்றவர், 1946-இல் விடுவிக்கப்பட்டு இத்தாலிக்கு அனுப்பப்பட்டார். நாட்டின் கடற்படையே கையேந்தும் அளவுக்குத் துறைமுகம் யார் பிடியில் இருந்தது என்று இதில் தெரிகிறது.

இளைஞர் ஒருவர்: கடைசியில் எப்படித்தான் ஒழிந்தது அண்ணா?

முழுதாக ஒழியவில்லை தம்பி. 1948-இல் நியூயார்க் சன் நாளிதழில் மால்கம் ஜான்சன் தொடர்ந்து எழுதினார். மறு ஆண்டு அவருக்குப் புலிட்சர் பரிசு. ஜான் காரிடன் என்ற பாதிரியார் தொழிலாளர்கள் பக்கம் நின்று தகவல் திரட்டிக் கொடுத்தார். 1953-இல் நியூயார்க்கும் நியூ ஜெர்சியும் சேர்ந்து துறைமுக ஆணையம் அமைத்தன. ஷேப் அப்புக்கும் அந்த ஏற்றுக்கூலிக்கும் தடை வந்தது. ஆள் எடுப்பவர்களுக்கு உரிமம் கட்டாயமானது. ரயன் பதவி இழந்தார். அதற்குப் பிறகும் புரூக்ளின் கிளையை மாஃபியா தலைவர் ஆல்பர்ட் அனஸ்தாசியாவின் தம்பி டோனிதான் நடத்தினார். அவருக்குப் பின் வந்த மருமகன் ஆந்தனி ஸ்காட்டோ குற்றவாளி என்று 1979-இல் தீர்ப்பு வந்தது.

கும்பலின் அடிமடியில் கை வைத்தவை இரண்டு. 1956 ஏப்ரலில் நியூவார்க்கிலிருந்து 58 பெட்டிகளோடு ஒரு கப்பல் ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. கன்டெய்னர் யுகம் அங்கே தொடங்கியது. சரக்குப் போக்குவரத்து மெல்ல நியூ ஜெர்சிக்கு நகர, மன்ஹாட்டன் பியர்கள் வெறிச்சோடின. கன்டெய்னரால் வேலை போய்விடும் என்று போராடிய தொழிலாளர்களுக்கு அறுபதுகளில் குறைந்தபட்ச ஆண்டு வருமானம் உறுதியானது. நாளைக்குச் சோறு உண்டு என்று தெரிந்தவன் காதில் எதற்குப் பல்குச்சி?

வழக்கறிஞர் ஒருவர்: அந்த ஆணையம் இன்னும் இருக்கிறதா?

இல்லை. நியூ ஜெர்சி விலக முடிவெடுத்தது. அதை எதிர்த்து நியூயார்க் மாநிலம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஏப்ரலில் விலகலாம் என்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. அந்த ஜூலையில் ஆணையம் மூடப்பட்டது. இப்போது நியூ ஜெர்சிப் பக்கத்தை அம்மாநிலப் போலீஸ் கவனிக்கிறது.