ஆலைப் புகையை பாக்டீரியாவால் எரிபொருளாக்க முடியுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரச் செம்பனை எண்ணெய் ஆலைகளின் புகையை பாக்டீரியாவைக் கொண்டு பயனுள்ள பொருளாக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். முயல் புழுக்கையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட 'குளோஸ்டிரிடியம் ஆட்டோஎத்தனோஜெனம்' என்ற பாக்டீரியா, வெயிலோ சர்க்கரையோ இல்லாமல் கார்பன் வாயுக்களை உண்டு எத்தனால் தருகிறது. 2018இல் சீனாவின் ஹெபெய் மாநிலத்தில் உருக்காலை வாயுவைக் கொண்டு வணிக அளவிலேயே இது தொடங்கிவிட்டது.

ஆனால் உருக்காலை வாயுவில் கார்பன் மோனாக்சைடு நிறைய. ஆற்றல் அதிலேயே இருக்கிறது. நம் கொதிகலன் புகையில் இருக்கும் கார்பனோ பெரும்பாலும் எரிந்து தீர்ந்த கார்பன் டை ஆக்சைடு. அதை மாற்ற ஹைட்ரஜன் வேண்டும், செலவெல்லாம் அங்கேதான்.

என்னைக் கேட்டால், முதலில் ஆலைக் கழிவுநீர்க் குளத்தின் மேல் மூடி போட வேண்டும். பழுப்பு நிறத்தில் கொப்பளிக்கும் அந்தக் குளத்தில் வேறு நுண்ணுயிர்கள் ஏற்கெனவே மீத்தேன் உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன. அந்த வாயுவைப் பிடித்து எரித்தால் மின்சாரம் கிடைக்கும்.