மாசி வெயில்: கெடாக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

மார்ச் முதல் வாரம். மலேசியாவின் வடமேற்கில் கெடா மாநிலம், பீடோங் பக்கம் வானத்தில் பேருக்கு நாலு மேகம், அவ்வளவுதான். தோட்டத்து ஆபீஸில் வேலை பார்த்த காலம் முழுக்கக் காலை எட்டு மணிக்கு மழைமானியைப் பார்த்துக் குறித்தவன் என்பதால், கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

டிசம்பரில் கிளந்தானில் அக்கா வீட்டுக்குள் வெள்ளம். அதே பருவக்காற்றுதானே, நமக்கு ஏன் காய்கிறது, ஐயா?

காற்று அதேதான் அம்மா, நடுவில் மலை இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலில் ஈரத்தை அள்ளி வந்து கிழக்குக் கரையில் கிளந்தான், திரங்கானு பக்கம் கொட்டிவிடும். தித்திவாங்சா மலைத்தொடரைத் தாண்டி இறங்கும்போது அதில் பெரிய சரக்கு இருக்காது. பிப்ரவரிக்கு மேல் அந்தக் காற்றே காய்ந்துதான் வரும். அதனால் கெடாவும் பெர்லிஸும் வருடா வருடம் இந்த மாதங்களில் வறளும். ஒவ்வொரு வருடமும் "இப்படி வெயிலைப் பார்த்ததே இல்லை" என்பார்கள். பார்த்திருக்கிறோம், மறந்துவிடுகிறோம்.

அண்ணே, கார் மீட்டரில் 39 காட்டுது. வானிலைத் துறை எச்சரிக்கையே விடலையே?

தார் ரோட்டில் நின்ற கார் அப்படித்தான் காட்டும் தம்பி. துறையின் வெப்பமானி புல்தரைக்கு மேல், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் நிழலில் இருக்கும். அதில் பகல் உச்சம் 35-லிருந்து 37 டிகிரி வரை மூன்று நாள் தொடர்ந்தால் முதல் நிலை எச்சரிக்கை. 37-ஐத் தாண்டி மூன்று நாள் நின்றால் வெப்ப அலை. நாட்டின் பெயர்பெற்ற உச்சம் பெர்லிஸ் சுப்பிங்கில், 1998 ஏப்ரல் 9-ல் பதிவான 40.1.

விடியற்காலையில் போர்வை தேடுகிறோமே?

மேகம் இல்லாத இரவில் தரையின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். அதான்.

பால்மரம் (ரப்பர்) எல்லாம் மொட்டையாக நிற்கிறது. மரம் செத்துவிடுமா? எப்போது பால் வெட்டலாம்?

சாகாது. வறட்சியில் இலை உதிர்ப்பது பால்மரத்தின் வழக்கம். கீழே சருகு மொறமொறவென்று கிடக்கும். இரண்டு மூன்று வாரத்தில் கிளை நுனியில் செம்பு நிறத்தில், தொட்டால் துவளுகிற தளிர் வரும். அது பச்சையாகி விறைப்பாக நிற்கும் வரை பால் குறைவுதான், அப்போது வெட்டினால் மரத்தை வாட்டுகிறோம். நான் பயப்படுவது இந்த வெயிலுக்கு அல்ல, தளிர் நேரத்தில் வரும் தூறலுக்கும் காலைப் பனிக்கும். இலையில் வெள்ளை மாவு பூத்தது போலப் பூசணம் பிடிக்கும், இளந்தளிர் சுருண்டு மறுபடி கொட்டும். தளிரை வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மாவு தெரிந்தால் கந்தகத்தூள் அடிப்பது பழைய வைத்தியம், இன்றும் செய்கிறார்கள்.

செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டவர்கள் சிரிக்க வேண்டாம். இப்போதைய வறட்சியில் ஆண் பூ கூடும், குலை குறைவது ஒன்றரை, இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். அப்போது உரத்தைக் குறை சொல்வார்கள்.

சருகைக் கூட்டிக் கொளுத்தலாமா?

கூடாது. திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம். அதோடு இந்தக் காற்றில் ஒரு பொறி போதும், பக்கத்து மர வரிசை போய்விடும்.

பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறோம். மழை குறுக்கிடுமா?

மார்ச் கடைசியில் பருவக்காற்று ஓய்ந்துவிடும். காற்று பலவீனமாகி, பகலில் கடற்காற்று உள்ளே வந்து ஜெராய் மலைப் பக்கம் மேகத்தைக் குவிக்கும். இடியோடு மழை பெரும்பாலும் மதியம் மூன்றுக்கு மேல்தான். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்க வேண்டாம், கோயில் மண்டபத்துக்குள் போய்விடுங்கள்.

ஆனால் அதற்கு முன் வெயிலைக் கணக்குப் பாருங்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும், மதியத் தார் ரோட்டில் வெறுங்கால் வைக்க முடியாது. விடியும்போதே ஆற்றங்கரையிலிருந்து கிளம்பி, பத்து மணிக்குள் கோயிலுக்கு வந்துவிடுங்கள். முன்னால் ஒரு லோரியில் தண்ணீர்த் தொட்டி வைத்து ரோட்டை நனைத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள்.