பிரெஞ்சு நீலத் தட்டுகள்: வாசகர் கேள்விகள்

கே: பாரிஸ் பழம்பொருள் சந்தையில் வாங்கிய நீள்வட்டத் தட்டு. படம் இணைத்துள்ளேன். ரூவான் நகரத்து மண்பாத்திரம்தானே?

ப: முன்பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பினால் எப்படி? அடிப்பக்கம் வேண்டும், விளிம்பு சிலும்பிய இடமும் வேண்டும். விளிம்பிலிருந்து தோரணமாகத் தொங்கும் நீல வேலைப்பாடு ரூவான் பாணிதான். ஆனால் அதே பாணியில் 19-ஆம் நூற்றாண்டில் ஜியான் என்ற பிரெஞ்சு மண்பாத்திர ஆலையும் ஏராளமாகச் செய்தது.

கே: அடியில் 'பிரான்ஸ்' என்று அச்சாகியிருக்கிறது. 1750 வாக்கில் செய்தது என்கிறார் கடைக்காரர்.

ப: நம்பாதீர்கள். அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயர் கட்டாயமானது 1891-இல். பெரும்பாலும் அதற்குப் பிந்தையதுதான்.

கே: க்ரெய்-மோந்தரோ என்ற பிரெஞ்சு ஆலையின் தட்டு விளிம்பில் ஓரிடத்தில் பூக்கொடி பொருந்தாமல் வெட்டுப்பட்டு நிற்கிறது. குறையா?

ப: இல்லை. தாளில் அச்சிட்டு, ஈரத்தோடு தட்டில் ஒட்டி எடுத்த வேலை அது. தாளின் இரு முனைகளும் சேருமிடத்தில் கொடி அப்படித்தான் தடுமாறும்.

கே: பழுப்புக் கறை போக ப்ளீச்சில் ஓர் இரவு ஊறவைத்தேன். இப்போது மெருகு (மேலுள்ள கண்ணாடி போன்ற பூச்சு) செதில் செதிலாக உதிர்கிறது. ஏன்?

ப: ப்ளீச் போட்டதால்தான். எத்தனை முறை எழுதியாயிற்று! இந்தப் பாத்திரங்களின் மண் நுண்துளை நிறைந்தது. மெருகிலுள்ள மயிரிழை விரிசல் வழியாக எண்ணெய் உள்ளே இறங்கித்தான் அந்தப் பழுப்பு வந்தது. அதே வழியாக ப்ளீச்சும் இறங்கும். காயும்போது அதன் உப்பு மெருகுக்கடியில் படிகமாகி, மெருகை மேலே தள்ளிப் பெயர்த்துவிடும். நூறு, இருநூறு வருடம் தாங்கிய தட்டு ஒரே இரவில் பாழாகிறது. காய்ச்சி வடித்த நீரில் வையுங்கள், தினமும் நீரை மாற்றுங்கள். மிச்ச உப்பாவது வெளியேறும். உதிர்ந்த மெருகு திரும்பாது. மற்றவர்களுக்கு: முதலில் சுத்த நீரில் ஊறவைத்து, 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்த பஞ்சைக் கறைமேல் போர்த்தி, பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். பொறுமை வேண்டும். உடைந்து முன்பே ஒட்டிய பாத்திரம் என்றால் ஊறவே வைக்காதீர்கள். ப்ளீச் எந்தப் பாத்திரத்துக்கும் வேண்டாம்.

கே: பழைய ஃபயான்ஸ் (வெள்ளீய மெருகிட்ட மண்பாத்திரம்) தட்டில் எலுமிச்சை பிழிந்த மீன் பரிமாறலாமா?

ப: கூடாது. மெருகில் ஈயம் உண்டு, புளிப்பு அதை இழுக்கும். ரொட்டி, தோலுரிக்காத பழம் வைக்கலாம். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்.

கே: வேட்டைக்கொம்பு முத்திரை இருந்தால் ஷாந்தியி பீங்கான் ஆலையுடையதுதானே?

ப: முத்திரையைப் போலி செய்வது சுலபம். அடிப்பக்கப் படம் அனுப்புங்கள்.

கே: சுவரில் மாட்ட ஸ்பிரிங் கம்பி போதுமா?

ப: அது விளிம்பைக் கடித்து மெருகைச் சிலும்பவைக்கும். மரத்தாங்கியில் நிறுத்திவையுங்கள்.