ஒரு வருஷத்துக்கு வந்த குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொள்ளலாமா?

மினியாபொலிஸிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அமெரிக்கா வந்த பிறகுதான் இந்த ஊர் கால்பந்து பார்க்கப் பழகினேன். 2024-ல் எங்கள் வைகிங்ஸ் ஒரே ஒரு வருஷத்துக்கு என்று எடுத்த குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்) சாம் டார்னால்ட், 14 ஆட்டங்கள் ஜெயித்துக் கொடுத்தார். அணி அவரை விட்டுவிட்டது. அடுத்த சீசனே அவர் சியாட்டிலுக்குப் போய் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை ஜெயித்துவிட்டார். ஆபீஸில் இன்னும் இதே புலம்பல். தற்காலிகமாக வந்தவர் நன்றாக ஆடினால் வைத்துக்கொள்வதுதானே நியாயம்? எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்? 'டேக்' போட்டு வேறு அணிக்கு விற்றிருக்கலாம் என்கிறார்களே, அது நடக்கிற காரியமா?"

முதலில் நேரடிப் பதில். இரண்டாவது வருஷமே பெரிய நஷ்டமில்லாமல் பிரியக்கூடிய ஒப்பந்தம் கிடைத்தால் அவரை வைத்துக்கொள்ளலாம். அப்படிக் கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம், ஆனால் அடுத்து ஆடப்போகிறவர் உண்மையிலேயே ஆடிக் காட்டியவராக இருக்க வேண்டும். வைகிங்ஸ் இடறியது இந்த இரண்டாவது இடத்தில் என்பது என் எண்ணம். டார்னால்டை விட்டதை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், அன்றைய நிலையில் அது அப்படியொன்றும் பைத்தியக்காரத்தனமான முடிவு இல்லை.

அன்று இருந்த நிலை இதுதான். 2024 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) பத்தாவது ஆளாக ஜே.ஜே. மெக்கார்த்தியை அணி எடுத்திருந்தது. அவர் தயாராகும்வரை சமாளிக்க, 1 கோடி டாலருக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்தவர் டார்னால்ட். ஆகஸ்ட்டில் மெக்கார்த்திக்கு முழங்காலில் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழிந்து அந்த சீசனே போய்விட்டது. டார்னால்ட் 4,319 கெஜம் வீசினார், 35 டச்டவுன் (கோல் மாதிரி, எல்லைக்கோட்டைத் தாண்டிப் பெறும் புள்ளி) கொடுத்தார், அணி 14 வெற்றி, 3 தோல்வி (14-3) என்று முடித்தது. ஆனால் கடைசி இரண்டு ஆட்டங்கள் சொதப்பல். டெட்ராய்ட் லயன்ஸிடம் 31-9, பிளேஆஃபில் (தோற்றால் வெளியேறும் சுற்று) ராம்ஸிடம் 27-9. ராம்ஸ் ஆட்டத்தில் மட்டும் அவரை ஒன்பது முறை சாக் செய்தார்கள், அதாவது பந்தை வீசுவதற்கு முன்பே பிடித்து வீழ்த்தினார்கள்.

அதே சமயத்தில் ஒரு கணக்கும் மேசைமேல் இருந்தது. முதல் சுற்றில் எடுத்த இளம் குவார்ட்டர்பேக்கின் நான்கு வருஷச் சம்பளம் மொத்தமே சுமார் 2.2 கோடி டாலர். அனுபவமுள்ள ஒருவருக்கு ஒரே வருஷத்தில் அதைவிட அதிகம் கொடுக்க வேண்டும். 2025-ல் ஓர் அணி தன் வீரர்கள் எல்லோருக்குமாகச் செலவழிக்கக்கூடிய சம்பள உச்சவரம்பு 27.92 கோடி. குவார்ட்டர்பேக்கிடம் மிச்சம் பிடித்தால் அதைப் பாதுகாப்பு வரிசையிலோ, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையிலோ போடலாம். வைகிங்ஸ் அப்படித்தான் செய்தது. ஜோனதன் ஆலன், ஜேவன் ஹார்கிரேவ், வில் ஃப்ரைஸ், ரயன் கெல்லி என்று வரிசையாக ஆள் எடுத்தது.

சரி, ஓராண்டு நாயகர்களை வைத்துக்கொண்ட அணிகளுக்கு என்ன ஆனது? நல்லதும் நடந்திருக்கிறது, கெட்டதும் நடந்திருக்கிறது.

வைகிங்ஸிலேயே முன்பு இதே கதை ஓடியிருக்கிறது. 2017-ல் 20 லட்சம் டாலருக்கு ஓராண்டு மாற்று ஆளாக வந்தவர் கேஸ் கீனம். முதல் ஆட்டத்தோடு சாம் பிராட்ஃபோர்டுக்கு முழங்கால் போக, இவர் உள்ளே வந்து, முதல் ஆளாக ஆடிய 14 ஆட்டங்களில் 11 ஜெயித்தார். பிளேஆஃபில் கடைசி நொடியில் ஸ்டெஃபான் டிக்ஸுக்குப் போட்ட அந்தப் பந்தை மினசோட்டாவில் யாரும் மறக்க மாட்டார்கள். அடுத்த ஆட்டத்தில் ஃபிலடெல்ஃபியாவிடம் 38-7. அணி அவரை விட்டுவிட்டு, 8.4 கோடியையும் முழுசாக உத்தரவாதம் செய்து கிர்க் கசின்ஸை எடுத்தது. கீனம் 3.6 கோடிக்கு இரண்டு வருஷம் என்று டென்வர் போனார். அங்கே 18 டச்டவுன், 15 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பந்து), 6-10. ஒரே வருஷத்தில் அவரைக் கைமாற்றிவிட்டார்கள். அதன் பிறகு ஒரு முழு சீசனுக்கும் முதல் ஆளாக அவர் ஆடவே இல்லை.

ரயன் ஃபிட்ஸ்பாட்ரிக் இன்னொருவர். 2015-ல் நியூயார்க் ஜெட்ஸுக்கு 31 டச்டவுன் வீசினார், அந்த அணியின் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். பேரம் ஜூலை கடைசிவரை இழுத்து, 2016-க்கு 1.2 கோடியில் முடிந்தது. அந்த வருஷம் கான்சஸ் சிட்டிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஆறு இன்டர்செப்ஷன், சீசன் முழுக்க 12 டச்டவுனுக்கு 17. ஆனால் ஒப்பந்தம் ஒரு வருஷம்தான் என்பதைக் கவனியுங்கள். ஜெட்ஸ் தோற்றது, திவாலாகவில்லை.

மறுபக்கம் பேக்கர் மேஃபீல்ட். 2018 டிராஃப்டின் முதல் ஆள், கிளீவ்லாந்து கைவிட்டவர். 2023-ல் 40 லட்சம் அடிப்படைச் சம்பளத்துக்கு டாம்பா பேயில் ஒரு வருஷம். 28 டச்டவுன். அணி 10 கோடிக்கு மூன்று வருஷம் வைத்துக்கொண்டது. அவர் 2024-ல் 41 டச்டவுன் போட்டார். இங்கே எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அந்த 2023 வெற்றிக்குத் துணையாக இருந்த தாக்குதல் பயிற்சியாளர் டேவ் கனாலிஸ், கரோலினாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். அவர் போயும் மேஃபீல்ட் மேலே ஏறினார். அதாவது திறமை அவரிடமே இருந்தது. கீனம் கதையில் இது தலைகீழ். 2017-ல் அவரை ஆட்டுவித்த பேட் ஷர்மர் ஜயன்ட்ஸுக்குப் போனார், கீனம் டென்வருக்குப் போனார், பழைய கீனம் திரும்ப வரவேயில்லை.

ஆகவே நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இவர் நன்றாக ஆடினாரா?" என்பதைவிட, "எது இவரை நன்றாக ஆட வைத்தது, அது அடுத்த வருஷமும் இருக்குமா?" என்பது. டார்னால்டுக்கு மினசோட்டாவில் பந்தைப் பிடிக்க ஜஸ்டின் ஜெஃபர்சன், ஜோர்டன் ஆடிசன், அப்புறம் குவார்ட்டர்பேக்காகவே லீக்கில் இருந்துவிட்டு வந்த கெவின் ஓ'கானல் பயிற்சியாளர். இப்படி ஒரு சூழலில் யார்தான் ஆடமாட்டார்கள் என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் அந்தச் சூழல் மினசோட்டாவில்தானே இருந்தது? சூழல் கொடுத்த வெற்றி என்றால், அந்தச் சூழலைக் கையில் வைத்திருக்கும் அணி பயப்பட வேண்டியதில்லை, வெளியே இருந்து அவரை வாங்குகிற அணிதான் பயப்பட வேண்டும். இதை அன்று பலரும் தலைகீழாகப் பேசினார்கள்.

வாங்கிய சியாட்டிலுக்கும் அந்தப் பயத்தைக் குறைக்க வழி இருந்தது. 2025-ல் அவர்களின் தாக்குதல் பயிற்சியாளர் கிளின்ட் கூபியாக். 2023-ல் டார்னால்ட் சான் பிரான்சிஸ்கோவில் பிராக் பர்டிக்கு மாற்று ஆளாக உட்கார்ந்திருந்தபோது, அங்கே பாஸிங் ஆட்டத்தைக் கவனித்தவர் அவர். ஆளையும் தெரியும், ஆடும் முறையும் அதேதான்.

எத்தனை ஆட்டம் என்பதும் முக்கியம். நான்கைந்து ஆட்டத்தில் கலக்கியவரை நம்பிப் பணம் கொட்டக் கூடாது. எதிரணிகளின் பயிற்சியாளர்கள் வீடியோ பார்த்து மருந்து கண்டுபிடிக்க ஒரு மாதமாவது வேண்டும். 17 ஆட்டமும் ஆடியவர் அந்தச் சோதனையைத் தாண்டியவர். அதனால்தான் கடைசி இரண்டு தோல்விகளை மட்டும் வைத்து டார்னால்டை எடை போட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்பது சாக்கில் அவர் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றதும் உண்டு, முன்வரிசை சரிந்ததும் உண்டு. வயதும் ஒரு கணக்கு. டார்னால்டுக்கு அப்போது 27. ஃபிட்ஸ்பாட்ரிக் அந்த ஜூலையில் கையெழுத்துப் போட்டபோது 33.

இப்போது பணம். இதில்தான் ரசிகர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். டார்னால்டுக்கு சியாட்டில் கொடுத்தது மூன்று வருஷத்துக்கு 10.05 கோடி என்று தலைப்புச் செய்தி வந்தது. அந்த எண்ணை மறந்துவிடுங்கள். கையெழுத்துப் போடும்போதே முழுசாக உறுதியானது 3.75 கோடி மட்டும். மீதி உத்தரவாதத்தின் பெரும்பகுதி அடுத்த பிப்ரவரியில்தான் உறுதியாகும்படி வைத்திருந்தார்கள். ஆள் சரிப்படாவிட்டால் ஒரு வருஷத்தோடு கைகுலுக்கிப் பிரிந்துவிடலாம்.

ஒப்பந்தத்தை எழுதும் விதத்தால் அணி சிக்கிக்கொள்வதும் உண்டு. கையெழுத்து போனஸைக் கணக்கில் ஐந்து வருஷம்வரை பரப்பி எழுதலாம். இன்று உச்சவரம்பில் இடம் கிடைக்கும், நன்றாகத்தான் இருக்கும். ஆளை நீக்கினால் மிச்சமெல்லாம் ஒரேயடியாகவோ இரண்டு வருஷத்திலோ தலையில் விழும். அதற்குப் பெயர் டெட் மணி. 2024-ல் ரஸல் வில்சனை நீக்கிய டென்வர், இரண்டு வருஷத்தில் 8.5 கோடியை அப்படிச் சுமந்தது. ஓராண்டு நாயகனுக்கு இந்த மாதிரி ஒப்பந்தம் எழுதும் அணியைக் கண்டால் நீங்கள் தைரியமாகப் புலம்பலாம்.

எளிதாகப் பிரியக்கூடிய ஒப்பந்தத்தை சியாட்டில் இரண்டு முறை எழுதியிருக்கிறது என்பதுதான் சுவாரஸ்யம். 2022-ல் அதே வில்சனை டென்வருக்கு அனுப்பிவிட்டு, பல வருஷம் பெஞ்சில் இருந்த ஜீனோ ஸ்மித்துக்கு 35 லட்சம் அடிப்படையில் ஒரு வருஷம் கொடுத்தார்கள். 4,282 கெஜம், 30 டச்டவுன். அடுத்த மார்ச்சில் மூன்று வருஷ ஒப்பந்தம், அதிலும் முதல் வருஷத்துக்குப் பிறகு அணி விலகும்படியான ஏற்பாடு. இரண்டு வருஷம் ஆட வைத்துவிட்டு, 2025 மார்ச்சில் அவர் அதிகம் கேட்டபோது மூன்றாம் சுற்றுத் தேர்வு ஒன்றை வாங்கிக்கொண்டு ரெய்டர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு வந்தவர்தான் டார்னால்ட். அவரும் சீசனில் 14-3, கான்ஃபரன்ஸ் இறுதியில் (சூப்பர் பௌலுக்கு முந்தைய சுற்று) அதே ராம்ஸை 31-27, சூப்பர் பௌலில் பேட்ரியட்ஸை 29-13. இதில் சியாட்டிலின் பாதுகாப்பு வரிசைக்குப் பெரும் பங்கு உண்டு. மினசோட்டாவில் இருந்திருந்தாலும் கோப்பை வந்திருக்கும் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்ப வேண்டாம்.

வைகிங்ஸ் தரப்பில் நடந்தது வேறு. மெக்கார்த்தி லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர், முழங்கால் அறுவை சிகிச்சையிலிருந்து வருபவர். அவரை நம்புவது சரி. அவர் பின்னால் யார்? 2024 இறுதியில் அணியோடு சேர்ந்திருந்த டேனியல் ஜோன்ஸைத் தக்கவைக்கப் பார்த்தார்கள். அவர் முதல் ஆளாக ஆடும் வாய்ப்பைத் தேடி, 1.4 கோடிக்கு ஒரு வருஷம் என்று இன்டியானாபொலிஸ் போய், அந்த அணியை 8-2 என்று தொடங்கி வைத்தார். டிசம்பரில் குதிகால் தசைநாண் அறுந்தது வேறு கதை. சாம் ஹவலை வாங்கினார்கள், ஆகஸ்ட்டில் அவரையும் அனுப்பிவிட்டார்கள். சீசன் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு கார்சன் வென்ட்ஸ் வந்தார். இரண்டாவது ஆட்டத்தில் மெக்கார்த்திக்குக் கணுக்கால் காயம், பிறகு வென்ட்ஸுக்குத் தோள்பட்டை. 9-8, பிளேஆஃப் இல்லை. மெக்கார்த்தி வீசிய டச்டவுன்களைவிட இன்டர்செப்ஷன்கள் அதிகம்.

ஆட்டக்காரர்கள் நிரம்பிய அணி, சம்பளத்தில் மிச்சம் பிடித்தது, எல்லாம் இருந்தும் அந்த ஒரு நாற்காலியில் உட்கார ஒரு நம்பகமான ஆள் இல்லை. டார்னால்ட் வேண்டாம் என்றால் ஜோன்ஸுக்கு இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்க வேண்டும், "போட்டியில் ஜெயிப்பவர் ஆடட்டும்" என்று வாக்குக் கொடுத்திருக்க வேண்டும். என் குறை அதுதான்.

கடைசியாக அந்த டேக். ஃப்ரான்சைஸ் டேக் என்பது, வெளியே போகத் தயாராக இருக்கும் ஒரு ஆட்டக்காரரை, லீக் நிர்ணயித்த தொகைக்கு இன்னொரு வருஷம் பிடித்து வைக்கும் உரிமை. ஓர் அணிக்கு வருஷம் ஒருவருக்குத்தான் போடலாம். 2025-ல் குவார்ட்டர்பேக்குக்கு அது சுமார் 4.02 கோடி, உச்சவரம்பில் ஏழில் ஒரு பங்கு. டேக் போட்ட நொடியே அந்தத் தொகை அணியின் கணக்கில் ஏறிவிடும். ஆட்டக்காரர் கையெழுத்துப் போட்டால் அது முழு உத்தரவாதம். வாங்க ஆள் வராவிட்டால், இன்னொருவரை எடுக்கப் பணமே இருக்காது. தவிர, ஆட்டக்காரர் டேக்கில் கையெழுத்துப் போட்டால்தான் அவரை விற்க முடியும், வாங்குகிற அணியும் பெரும்பாலும் அவரோடு நீண்ட ஒப்பந்தம் பேசி முடிக்கவே விரும்பும். ஆளை அப்படியே விட்டாலும் முழு நஷ்டம் கிடையாது. அவர் வேறு அணியில் வாங்கும் சம்பளத்தைப் பொறுத்து, ஈடாக மூன்றாம் சுற்றுவரை ஒரு டிராஃப்ட் தேர்வு கிடைக்கலாம். அதே சமயம் அணி வெளியிலிருந்து ஆட்களை எடுத்தால் அந்த ஈடு கழிந்தும் போகலாம்.

டேக் போட்டு விற்றதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2008-ல் முதல் ஆட்டத்திலேயே டாம் பிராடிக்கு முழங்கால் போனது. மாற்று ஆள் மேட் காஸல் நியூ இங்கிலாந்தை 11-5 என்று கொண்டு போனார். பிராடி திரும்பி வருவார் என்பதால் காஸலுக்கு அங்கே இடமில்லை. பேட்ரியட்ஸ் அவருக்கு டேக் போட்டு, பாதுகாப்பு ஆட்டக்காரர் மைக் வ்ரேபலையும் சேர்த்துக் கான்சஸ் சிட்டிக்கு அனுப்பி, பதிலுக்கு 2009 டிராஃப்டின் 34-வது தேர்வை வாங்கியது. வாங்க யாராவது வருவார்கள் என்ற தைரியத்தில் செய்த காரியம் அது. அன்றைய டேக் தொகை 1.5 கோடிக்கும் குறைவு. இன்று அதே சூதாட்டத்துக்கு 4 கோடிக்கு மேல் வேண்டும், ரெண்டாம் சுற்றுத் தேர்வுக்காக அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.