நோட்டு அட்டை வளைகிறது, வண்ணம் உரிகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: அக்கா மகளின் பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம் என்று, கெட்டி அட்டை போட்ட 200 பக்க நோட்டு ஒன்றை அலங்கரித்தேன். பழைய பத்திரிகைத் துண்டுகளை ஒட்டி, மேலே அக்ரிலிக் வண்ணம் அடித்து, பளபளப்புக்காக வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து பூசினேன். இரண்டே நாளில் அட்டையின் ஓரங்கள் வெளிப்பக்கமாகத் தூக்கிக்கொண்டன. மூலையில் வண்ணம் தோல் மாதிரி உரிகிறது. மற்ற புத்தகங்களோடு அடுக்கினால் ஒட்டிக்கொள்கிறது. எங்கே தவறு? ஜெஸ்ஸோ வாங்கியே ஆக வேண்டுமா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: சுவரில் மாட்டும் படத்துக்குச் செய்வதை நோட்டு அட்டைக்குச் செய்திருக்கிறீர்கள். படம் மாட்டிய இடத்திலேயே இருக்கும். நோட்டு அப்படியா? நாளுக்குப் பத்து முறை திறந்து மூடுவோம், பைக்குள் டிபன் பாக்ஸோடு உரசும், வியர்த்த கை படும். இதைத் தாங்குகிற மாதிரி செய்ய வேண்டும். உங்கள் மூன்று கோளாறுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு.

முதலில் உரிவது. கடை நோட்டு அட்டைகள் பலவற்றின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நின்றால் படலம் இருக்கிறது, வண்ணமும் அதன்மேல் அப்படித்தான் ஒட்டாமல் நிற்கும். 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும் வரை தேய்த்து, ஈரத்துணியால் தூசியைத் துடைத்துக் காயவிடுங்கள். ஓரத்தில் படலம் தானாகவே தூக்கிக்கொண்டால் தேய்க்க வேண்டாம், முழுவதையும் உரித்துவிடலாம்.

ஜெஸ்ஸோ என்பது வண்ணம் பற்றிக்கொள்வதற்கான வெள்ளைப் பூச்சு. வாங்கினால் நிம்மதி. வாங்காவிட்டாலும் குடி மூழ்காது. சலித்த சாக் பவுடர் இரண்டு கரண்டி, ஃபெவிகால் ஒரு கரண்டி, வெள்ளை அக்ரிலிக் ஒரு கரண்டி, தண்ணீர் விட்டு நீர்த்த தோசைமாவுப் பதம். இது என் கைக்கணக்கு. மெல்லியதாக இரண்டு தடவை பூசுங்கள். பொடியைக் கூட்டினால் காய்ந்ததும் வெடிக்கும். கோலமாவு வேண்டாம், நறநறவென்று இருக்கும்.

இப்போது வளைவுக்கு வருவோம். உங்களுக்கு நடந்ததில் இதுதான் பெரிய விஷயம். பசை பட்ட காகிதம் ஈரத்தில் விரியும், காயும்போது சுருங்கும். சுருங்கும்போது தான் ஒட்டியிருக்கும் அட்டையையும் தன் பக்கம் இழுக்கும். நீங்கள் வெளிப்பக்கம் மட்டும் ஒட்டியதால் அட்டை வெளிப்பக்கம் வளைந்தது. பைண்டிங் செய்பவர்கள் அட்டையின் உள்பக்கமும் ஒரு தாள் ஒட்டுவது அழகுக்காக மட்டுமல்ல. அது எதிர்ப்பக்கம் இழுத்து அட்டையை நேராக நிறுத்தும். அதனால் வெளியே ஒட்டியதற்கு ஏறக்குறைய அதே கனத்தில் உள்ளேயும் ஒரு தாள் ஒட்டுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். தாளை வெட்டாமல் இரு பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் சுலபமாக வளையும். அப்படி வளையும்போது மடிப்பு விழும் கோடுதான் நாரின் திசை. அந்தக் கோடு நோட்டின் முதுகுக்கு இணையாக இருக்கும்படி ஒட்டினால் பாதி வளைவு வராது. பசை தடவியதும் உடனே ஒட்டாமல் ஓரிரு நிமிடம் விடுங்கள், தாள் விரிந்து முடிக்கட்டும், சுருக்கம் விழாது. அப்புறம் மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். ஃபேனுக்கு அடியில் வைத்து அவசரமாகக் காயவைப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். அட்டையை வளைய வைக்க அதைவிட நல்ல வழி கிடையாது, அதைச் செய்யாதீர்கள்.

முதுகை ஒட்டி அட்டை மடங்கும் இடத்தில் காகிதமோ கெட்டி வண்ணமோ வேண்டாம், பத்து முறை திறந்தால் விரிசல் விடும். அங்கே காடாத் துணிப் பட்டை ஒட்டுங்கள். பழைய பட்டுப்புடவையின் ஜரிகை பார்டர் இருந்தால் இன்னும் அழகு.

மேடு பள்ளம் வேண்டும் என்றால் தஞ்சாவூர் ஓவியத்தில் செய்வது போலச் செய்யலாம். சுண்ணப் பொடியும் பசையும் கலந்த மக்கை வைத்து நகைகளை எழுப்பி, கல் பதித்து, மேலே தங்கத் தாள் ஒட்டுவார்கள். அது பலகைமேல் ஒட்டிய துணி, வளையாது, அதனால் தாங்கும். நோட்டில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் எழுப்பாதீர்கள். கல்லும் கண்ணாடியும் பதித்தால் பக்கத்துப் புத்தகத்தைக் கீறிவிடும். கோலப் புள்ளிகளை ஸ்டென்சில் வெட்டி அதன் வழியாக மக்கைத் தடவினாலே போதும், விரலில் தட்டுப்படும்.

படம் ஒட்டுவதானால் ஜெராக்ஸ் அல்லது லேசர் பிரிண்ட் எடுங்கள். இங்க்ஜெட் பிரிண்டில் மை கரையும். ஒரு முறை பாட்டி புகைப்படத்தை அப்படி ஒட்டி, பசை தடவியதும் முகமே நீலமாக வழிந்தது. செய்தித்தாள் துண்டு சில மாதங்களில் மஞ்சளாகும், அந்தப் பழுப்பு உங்களுக்குப் பிடித்தால் சரி. எண்ணெயும் மெழுகும் கலந்த வண்ணக்குச்சியான ஆயில் பேஸ்டலைக் கடைசியில்தான் தொட வேண்டும், அந்த மெழுகின் மேல் அக்ரிலிக் பிடிக்காது.

ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் கடைசியாகப் பூசிய பசை. வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் வெயிலிலும் ஈரக்காற்றிலும் இளகும். அதற்குப் பதில் அக்ரிலிக் வார்னிஷ் மெல்லியதாக இரண்டு தடவை பூசுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் ஒரு வாரம் எதன்மேலும் அடுக்காதீர்கள். ஆயில் பேஸ்டல் தொட்ட இடத்தில் மட்டும் பிரஷ்ஷை ஓட்டாமல் ஸ்பிரே வார்னிஷ் அடியுங்கள்.

கையிலிருக்கும் நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். உள்பக்கம் ஒரு தாள் ஒட்டிப் பாரம் வைத்தால் பெருமளவு நேராகும். உரியும் வண்ணத்தை எங்கே கெட்டியாக நிற்கிறதோ அதுவரை உரித்து, அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி பூசுங்கள். நாலு மூலைக்கும் முக்கோணத் துணி ஒட்டிவிட்டால் தழும்பும் தெரியாது.