டிக்கி பிளாஸ்டிக்ல வெள்ளை வெள்ளையா கீறல்

கேள்வி: குறுவைக்கு விதைநெல் மூட்டை, ஸ்ப்ரேயர்னு எல்லாத்தையும் கார் டிக்கியிலயே ஏத்துனதுல ரெண்டு பக்கமும் கறுப்பு பிளாஸ்டிக் கீறிப்போச்சு. தேங்காண்ணெய் தடவினா மறையுது, ரெண்டு நாள்ல திரும்பத் தெரியுது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: உப்புத்தாள் மட்டும் வேணவே வேணாம் சார். அந்த பிளாஸ்டிக் மேல பொடிப்பொடியா ஒரு சொரசொரப்பு இருக்கு பாருங்க, தேய்ச்சா அது போயி அந்த இடம் மட்டும் மொழுக்குனு ஆயிடும், அப்புறம் கீறலைவிட அதுதான் கண்ண உறுத்தும். எண்ணெயும் வேணாம், வயக்காட்டுப் புழுதி பூரா அதுல ஒட்டிக்கும்.

மொதல்ல ஷாம்பு தண்ணி தொட்டு பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சுத் தொடைங்க, பாதி வெள்ளை அழுக்காவே இருக்கும். காஞ்சதும் நகத்தால வருடிப் பாருங்க. நகம் மாட்டலன்னா, சூடான காத்து அடிக்குற ஹீட் கன்தான் மருந்து. இந்த பாகமெல்லாம் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன், 160 டிகிரி வாக்குல உருகிடும், ஹீட் கன்னோ 500 டிகிரிகூட போகும், அதனால கொறஞ்ச சூட்டுல வச்சு ஒரு சாண் தள்ளிப் புடிச்சு கைய ஆட்டிக்கிட்டே இருங்க, வெள்ளைக்கோடு மெல்ல கறுக்கும், லேசா பளபளப்பு தட்டுச்சுன்னா ஒடனே நிறுத்திடணும். மொதல்ல மறைவான எடத்துல செஞ்சு பாத்துக்குங்க. ஏர்பேக் இருக்குற பக்கம் சூடு காட்டவே கூடாது.

நகம் மாட்டுற ஆழமான கீறல் இதுல போகாது, அந்த பேனலையே மாத்துறதுதான் சுத்தமான வேலை. அடுத்த தடவை மூட்டை ஏத்துறப்ப சைடுலயும் சேத்து ஒரு படுதாவ விரிச்சுடுங்க.