ஒவ்வொரு வேளையும் அப்பா நன்றி சொல்கிறார்

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. போன மழையில் அப்பா இலை மூட்டையோடு சரிவில் வழுக்கி விழுந்து, இடுப்பில் பலமாக அடிபட்டுவிட்டது. இனி சுமை தூக்க முடியாது. அம்மா இலை பறிக்கிறார். நான் குன்னூரில் ஒரு துணிக்கடைக்குப் போகிறேன். தம்பி கோவையில் படிக்கிறான். வீட்டு நிலவரம் அவனுக்கு முழுதாகத் தெரியாது.

ரேஷன் அரிசி இருக்கிறது, சிலிண்டர் வந்துவிடுகிறது, இந்தக் குளிருக்கு வெந்நீர் இருக்கிறது. இதற்கெல்லாம் தினமும் மனதார நன்றி சொல்கிறேன். ஆனால் அப்பா ஒவ்வொரு வேளையும் தட்டை வாங்கும்போது, "உன் புண்ணியத்துல சாப்பிடறேம்மா" என்கிறார். மறுசோறு போட விடுவதில்லை. ராத்திரி கால் விறைத்தாலும் வெந்நீர் கேட்பதில்லை, கேஸ் தீர்ந்துவிடுமாம். வந்து பார்க்கிற சொந்தக்காரர்களோ, "சோத்துக்குக் குறையில்லையே, சந்தோஷப்படுங்க" என்கிறார்கள். அழுகையும் கோபமும் சேர்ந்து வருகிறது. நான் என்ன செய்யட்டும்?

ஒரு மகள், நீலகிரி

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்வது நன்றி போலக் கேட்டாலும், அது கடன்பட்டவரின் பேச்சு. மூட்டை சுமந்து உங்களை ஆளாக்கிய மனிதர். இப்போது கை சும்மா இருப்பதால் கவளத்துக்குக் கவளம் கணக்குப் பார்க்கிறார். "அப்படிச் சொல்லாதீங்கப்பா" என்றால் வாயை மூடிக்கொள்வார். உள்ளே கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அவரிடம் உதவி கேளுங்கள். ஒப்புக்குக் கேட்டால் உடனே கண்டுபிடித்துவிடுவார், நிஜமாகவே தேவையானதைக் கேளுங்கள். எந்தப் பாத்தியை எப்போது கவாத்து செய்வது, டிசம்பர் பனியில் எந்தப் பக்கம் செடி கருகும் என்பது உங்கள் வீட்டில் அவர் அளவுக்கு யாருக்குத் தெரியும்? இலைக் கணக்கை முழுதாக அவரிடம் கொடுத்துவிடுங்கள். எடைச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்குவது, தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் பசுந்தேயிலை விலையோடு கைக்கு வந்த பணத்தை ஒத்துப் பார்ப்பது, எல்லாம் உட்கார்ந்தே செய்யலாம். அம்மா நாளெல்லாம் பறித்துவிட்டு வந்து சீட்டைத் தேட வேண்டியதில்லை. சிலிண்டருக்குப் பணம் எடுக்கும்போது அவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். கணக்கில் விட்டுப்போன இரண்டு கிலோவை அவர் பிடித்தால், "நீங்க பார்த்ததாலதான்பா தெரிஞ்சுது" என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

சொந்தக்காரர்கள் மீது வரும் கோபத்துக்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். வெந்நீருக்கு நன்றி சொல்கிற அதே மனம் களைத்தும் போகும். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதியில், நரம்பு, தசை நோய் உள்ளவர்கள் 21 நாட்கள் தாங்கள் நன்றியோடு நினைப்பவற்றை எழுதிவந்தார்கள். அவர்களுடைய மனநிலையும் தூக்கமும் தேறின. எதற்கு நன்றி என்பதை அவரவரே தேடி எழுதினார்கள், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாசலில் நின்று அடுத்தவர் சொல்லும்போது அதுவே வாயை அடைப்பதாகிவிடுகிறது. நீங்களும் எழுதிப் பாருங்கள். அன்றைய கஷ்டத்தையும் அதே பக்கத்தில் எழுதலாம்.

அப்பா சாப்பாட்டைக் குறைப்பதைச் சிக்கனம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேலாகப் பசி, தூக்கம் குறைந்து, எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறார் என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். இடுப்புக்குக் காட்டும் டாக்டரிடமே இதையும் சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனையில் பார்க்கிறார்கள். "இருந்து என்ன பயன்" என்பது போல ஏதாவது சொன்னால் காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண் 14416, இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். உங்களுக்கு முடியாத நாளில் நீங்களும் அதே எண்ணைக் கூப்பிடலாம்.

அப்புறம், தம்பி. அவனிடம் மறைக்காதீர்கள். பணம் அனுப்ப அவனால் முடியாமல் போகலாம். ஆனால் தினமும் சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டு இலைக் கணக்கு எவ்வளவு ஆச்சு என்று கேட்கலாம். லீவுக்கு வரும்போது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற பொறுப்பை அவன் எடுத்துக்கொள்ளட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே அவனிடம் பேசிவிடுங்கள்.